320 கட்டளைக்குள்ள ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர்: சின்க்ளேர் சயின்டிபிக் (1974), ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர கையில எடுக்கறீங்க, அதுல தசமப் புள்ளிக்கு பட்டனே இல்ல, சமம் குறிக்கும் பட்டன் இல்ல. 30 டிகிரிக்கு சைன் வேணும்னா நீங்களே அதை ரேடியனா மாத்திக்கணும், மாத்தறதுக்கான எண்ண பட்டனுக்கு பக்கத்துலயே கேஸ் மேல அச்சடிச்சு வச்சிருக்காங்க. எல்லாம் போட்டு பட்டன அழுத்தினா விடை உடனே வராது, சில கணக்குக்கு 15 செகண்ட் வரைக்கும் கூட ஆகும். வந்த விடையிலயும் கடைசி ஒண்ணு ரெண்டு இலக்கத்த அப்படியே நம்ப முடியாது.

கேட்டா அரைகுறை பொருள் மாதிரி தான் இருக்கும். ஆனா எனக்குத் தெரிஞ்சு கையடக்க கால்குலேட்டர் வரலாறுலயே ரொம்ப யோசிச்சு செஞ்ச டிசைன்கள்ல இது ஒண்ணு. 1974ல இங்கிலாந்துல சின்க்ளேர் ரேடியானிக்ஸ் கம்பெனி 49.95 பவுண்டுக்கு வித்த சின்க்ளேர் சயின்டிபிக். மேல சொன்ன ஒவ்வொரு குறையையும் பிடிச்சுக்கிட்டு பின்னாடி போனீங்கன்னா எல்லாம் ஒரே எண்ணுல போய் நிக்கும், அது 320. அந்த சிப்புக்குள்ள புரோகிராம் எழுத இருந்த இடம் மொத்தமே 320 கட்டளை தான், எப்படி அதுக்குள்ள எல்லாத்தையும் அடக்கினாங்கங்கறத தான் இங்க எழுதறேன்.

முதல்ல எதிர்ல யார் நின்னாங்கன்னு பாப்போம்

1972 பிப்ரவரில ஹியூலட் பேக்கர்ட் எச்பி-35 வந்துச்சு, விலை 395 டாலர். சட்டைப் பைக்குள்ள போற அளவுல சைன், காஸ், டேன், லாக் எல்லாம் பண்ற முதல் கால்குலேட்டர் அது. அதுக்கு முன்னாடி 1968ல அதே கம்பெனி எச்பி 9100ஏன்னு மேஜை மேல வைக்கற மெஷின் ஒண்ணு வித்துக்கிட்டு இருந்தாங்க, பில் ஹியூலட் அதைப் பாத்துட்டு இது என் சட்டைப் பைக்குள்ள போகணும்னு கேட்டதா சொல்வாங்க. கேட்ட மாதிரியே செஞ்சும் கொடுத்தாங்க. உள்ள அஞ்சு பெரிய சிப், அதுல மூணு வெறும் ரோம் (புரோகிராம நிரந்தரமா எழுதி வைக்கற இடம்), ஒவ்வொண்ணுலயும் 256 கட்டளை, மொத்தம் 768. பட்டன் 35, பேர்ல இருக்கற 35 அது தான். டிஸ்பிளேல 10 இலக்கம், பத்தோட அடுக்குக்கு தனியா ரெண்டு இலக்கம். அதுவரைக்கும் ஸ்லைடு ரூலும் (நகத்தி கணக்கு போடற அளவுகோல்) லாக் புக்கும் வச்சுக்கிட்டு இருந்த இன்ஜினியருங்க இதைப் பாத்து அசந்துட்டாங்க, முதல் வருஷத்துலயே ஒரு லட்சம் கிட்ட வித்துச்சு.

பிரச்சனை 395 டாலர்ங்கற விலை தான். கம்பெனி வாங்கிக் கொடுத்தா உண்டு, காலேஜ் பசங்களால கனவு கூட காண முடியாது. கிளைவ் சின்க்ளேர் அந்த இடைவெளிய தான் பாத்தாரு. அவரோட கம்பெனி 1972லயே எக்ஸிகியூட்டிவ்னு மெல்லிசா ஒரு நாலு கணக்கு கால்குலேட்டர் போட்டிருந்துச்சு, அதுலயே இவங்க புத்தி எப்படி போகும்னு தெரிஞ்சுடும். அந்த கால சிப்பு கரண்ட்ட நல்லா குடிக்கும், பட்டன் செல் எல்லாம் தாங்காது. இவங்க என்ன பண்ணாங்கன்னா சிப்புக்கு கரண்ட்ட தொடர்ச்சியா கொடுக்காம துடிப்பு துடிப்பா கொடுத்தாங்க, விட்டு விட்டு கொடுத்தாலும் உள்ள தேங்கி நிக்கற மின்னேற்றம் கரையறதுக்குள்ள அடுத்த துடிப்பு வந்துடும், அதனால சிப்பு கணக்க மறக்காது. சிப்பு செஞ்சவங்க இப்படி ஓட்டச் சொல்லி கொடுத்த பொருள் இல்ல அது. வாங்கின பொருள்கிட்ட அதோட அளவுக்கு மேல வேலை வாங்கறது இவங்களுக்கு பழக்கம்.

அடுத்த தடவை அந்த பழக்கம் இன்னும் பெருசா வேலை செஞ்சுது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்கிட்ட டிஎம்எஸ் 0800ன்னு ஒரு சிப்பு குடும்பம் இருந்துச்சு, கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் பண்ற சாதாரண கால்குலேட்டருக்குன்னே செஞ்சது, ஒரே சிப்பு, அதனால மலிவு. உள்ள இருக்கற ரோம மட்டும் வாங்கறவங்க தேவைக்கு ஏத்த மாதிரி மாத்தி அச்சடிச்சுக் கொடுப்பாங்க. அந்த ரோம்ல நாலு கணக்கு, டிஸ்பிளே, பட்டன் பாத்துக்கறது எல்லாம் சேத்து வைக்கவே இடம் கச்சிதமா இருக்கும். சின்க்ளேரோட யோசனை என்னன்னா அதே சிப்பு, அதே ரோம் அளவு, உள்ள இருக்கற புரோகிராம மொத்தமா தூக்கிட்டு சயின்டிபிக் கால்குலேட்டரா எழுதிடறது. எழுதின ஆள் நைஜல் சர்ல். அவரும் சின்க்ளேரும் டெக்சாஸ் போய் சில நாள் தங்கி இதை முடிச்சாங்க.

320 கட்டளை எவ்வளவு சின்னதுன்னு கொஞ்சம் நிதானமா பாக்கணும். ஒரு கட்டளை 11 பிட், ஆக மொத்தம் 3520 பிட், அதாவது 440 பைட். இப்ப நாம போன்ல தமிழ்ல டைப் பண்றோம்ல, ஒவ்வொரு குறிக்கும் பொதுவா 3 பைட் ஆகும், "கா"ன்னு போட்டா க ஒண்ணு கால் ஒண்ணுன்னு 6 பைட். அந்த கணக்குல 440 பைட்ங்கறது சுமார் 146 குறி, ரெண்டு மூணு வரி மெசேஜ். நீங்க இப்ப படிக்கற இந்த பாராவே அதை விட நீளம். அந்த இடத்துக்குள்ள சைன், காஸ், டேன், அதோட தலைகீழ் மூணு, லாக், ஆன்டிலாக், நாலு கணக்கு, பட்டன் பாக்கறது, டிஸ்பிளே எரிய விடறது எல்லாம் இருக்கணும்.

டேட்டா வைக்கற இடமும் ஒண்டுக்குடித்தனம் தான். 11 இலக்கம் கொள்ளற மூணு ரெஜிஸ்டர், கூட ஆமா இல்லன்னு குறிச்சு வைக்க சில கொடி பிட், அவ்வளவு தான். சிப்புக்கு தெரிஞ்ச வேலை என்னன்னா ரெண்டு எண்ண இலக்கம் இலக்கமா கூட்டும், கழிக்கும், ஒப்பிட்டு பாக்கும், இடது வலதுன்னு ஒரு இலக்கம் நகத்தும். பெருக்கல்னு ஒரு கட்டளையே கிடையாது.

எதை தூக்கி வெளிய போட்டாங்க

இந்த டிசைன்ல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இது. ஆரம்பத்துலயே என்ன சேக்கலாம்ங்கறத விட எது இல்லாம ஓட்டலாம்னு கேட்டிருக்காங்க.

முதல்ல போனது தசமப் புள்ளி. சாதாரண கால்குலேட்டர்ல 12.5ன்னு போட்டா அந்த புள்ளி எங்க நிக்குதுன்னு சிப்பு ஞாபகம் வச்சுக்கணும், விடை வந்ததும் புள்ளிய சரியான இடத்துல காட்டணும், முன்னாடி நிக்கற வெத்து பூஜ்யத்த எல்லாம் அணைக்கணும். இதெல்லாம் பயன்படுத்தறவர் கண்ணுக்கு வேலையாவே தெரியாது, ஆனா ரோம்ல நிறைய இடம் சாப்பிடும். அதனால எல்லா எண்ணும் எப்பவும் அறிவியல் குறியீட்டுல தான்னு ஒரே அடியா முடிவு பண்ணிட்டாங்க. அஞ்சு இலக்கம், பக்கத்துல ரெண்டு இலக்க அடுக்கு. புள்ளி எப்பவும் முதல் இலக்கத்துக்கு அப்புறம் தான், அது நகராது. நீங்க 123ன்னு அடிச்சா அது 1.23. நிஜமா நூத்தி இருபத்தி மூணு வேணும்னா 123 அடிச்சு அடுக்கு பட்டன தட்டி 2 போடணும். லாக் புக் பாத்து கணக்கு போட்ட தலைமுறைக்கு இது புதுசு இல்ல, எண்ண ஒண்ணுக்கும் பத்துக்கும் நடுவுல கொண்டு வந்து பத்தோட அடுக்க தனியா வச்சுக்கறது அவங்க கை தன்னால செய்யற வேலை. ஸ்லைடு ரூல் பிடிச்சவங்களுக்கும் அப்படியே.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. குறி ஒரு இடம், அஞ்சு இலக்கம், அடுக்கோட குறி ஒரு இடம், அடுக்கு ரெண்டு இடம், எல்லாம் சேந்து ஒன்பது இடம். எட்டு இலக்க கால்குலேட்டருக்கு குறியோட சேத்து வேணுங்கறதும் அதே ஒன்பது தான்.

அடுத்தது சமம் குறி. 3 + 4 × 5ன்னு நாம எழுதற வரிசையில போட்டா கூட்டல் குறிய அழுத்தின உடனே சிப்பால கூட்ட முடியாது, ரெண்டாவது எண் வர வரைக்கும் எந்த கணக்குன்னு ஒரு இடத்துல எழுதி வச்சு காத்திருக்கணும். எண்கள முதல்ல கொடுத்துட்டு கணக்க கடைசியா சொன்னா அந்த காத்திருப்பே கிடையாது, பட்டன அழுத்தின நிமிஷமே வேலை முடிஞ்சுடும். இதை ஆர்பிஎன்னு சொல்வாங்க, எச்பி-35லயும் இதே முறை தான், ஆனா அங்க நாலு எண்ண அடுக்கி வைக்கலாம், என்டர்னு பெரிய பட்டன் ஒண்ணு இருக்கும். சின்க்ளேர்ல எண்கள அப்படி அடுக்கி வைக்கறது எல்லாம் கிடையாது, என்டர் பட்டனும் கிடையாது. முதல் எண்ண அடிச்சுட்டு கூட்டல் பட்டன அழுத்தணும், உள்ள ஏற்கனவே பூஜ்யம் இருக்கறதால பூஜ்யத்தோட கூட்டி அந்த எண் உள்ள போய் உக்காந்துக்கும். எதிர்ம எண் வேணும்னா கழித்தல் பட்டன், பூஜ்யத்துலேருந்து கழிச்சுடும். என்டருக்குன்னு தனியா ஒரு வேலையே எழுத வேண்டாம், ஏற்கனவே இருக்கற கூட்டலே அதையும் செய்யுது. இந்த ஒரு முடிவ நினைச்சு எத்தனை தடவை சந்தோஷப்பட்டிருப்பேன்னு தெரியல.

பட்டனும் அதே கதை. எச்பில 35, இங்க 18 தான். பத்து எண், நாலு கணக்கு, அழிக்கறதுக்கு ஒண்ணு, அடுக்குக்கு ஒண்ணு, அப்புறம் மேல் அம்பு கீழ் அம்புன்னு ரெண்டு. நாலு கணக்கு பட்டனுக்கும் மேல ஒரு வேலை கீழ ஒரு வேலைன்னு எழுதியிருக்கும், அம்ப தட்டிட்டு அதைத் தட்டினா அந்த வேலை நடக்கும். நாலு ரெண்டு எட்டு, எட்டு பங்ஷனும் அடங்கிடுச்சு.

டிகிரியும் போயிடுச்சு, சிப்புக்கு ரேடியன் மட்டும் தான் தெரியும். பை மதிப்புக்கு பட்டன் கிடையாது, இயற்கை லாக் கிடையாது, பத்தடிமான லாக் மட்டும் தான். இதுக்கெல்லாம் வேண்டிய எண்கள, 3.14159, 57.29578, 2.30259, 2.71828, கேஸ் மேலயே அச்சடிச்சுட்டாங்க. ரோம்ல ஒரு மாறிலிய வைக்கணும்னா ஒவ்வொரு இலக்கத்துக்கும் கட்டளை செலவாகும், கேஸ்ல அச்சடிக்க ஒரு துளி மை போதும். 30 டிகிரிக்கு சைன் வேணுமா, 3 அடுக்கு 1 போட்டு கூட்டல் தட்டி உள்ள அனுப்பு, 57296 அடுக்கு 1 போட்டு வகு, 0.5236 வரும், அதுக்கு சைன் கேளு. மெமரியோட ஒரு பகுதிய பிளாஸ்டிக் மேல வச்சு, அதைப் படிச்சு உள்ள போடற வேலைய மனுஷன்கிட்ட கொடுத்திருக்காங்க.

உள்ள கணக்கு எப்படி ஓடுது

கூட்டறதுக்கு முன்னாடி ரெண்டு எண்ணோட அடுக்கும் ஒண்ணா இருக்கணும், சின்ன எண்ண வலது பக்கம் இலக்கம் இலக்கமா நகத்தி சமப்படுத்திட்டு அப்புறம் கூட்டும். பெருக்கல்னா திரும்ப திரும்ப கூட்டறது, அடுக்குகள தனியா கூட்டிக்கறது. வகுத்தல்னா திரும்ப திரும்ப கழிக்கறது. கழிக்க முடியற வரைக்கும் கழி, எத்தனை தடவைன்னு எண்ணு, ஒரு இலக்கம் நகத்து, மறுபடி கழி. இந்த முறையில பூஜ்யத்தால வகுத்தா என்ன ஆகும்னு யோசிச்சா புரிஞ்சுடும், பூஜ்யத்த எத்தனை தடவை கழிச்சாலும் எண் குறையாது, சிப்பு கழிச்சுக்கிட்டே இருக்கும், நீங்க அழிக்கற பட்டன அழுத்தற வரைக்கும் நிக்காது. அதை தடுக்க ஒரு சோதனை போடணும்னா கட்டளை வேணும், அந்த கட்டளைய வேற எதுக்கோ செலவு பண்ணியிருக்காங்க.

இப்ப லாக். இந்த சிப்பு எண்கள பத்தடிமானத்துல தான் வச்சிருக்கும், அதனால பத்தால வகுக்கறது செலவே இல்ல, ஒரு இலக்கம் வலது பக்கம் நகத்தினா முடிஞ்சுது. நூறால வகுக்க ரெண்டு இலக்கம். அப்ப 0.99ஆல பெருக்கறதும் மலிவு தான், எண்ண எடுத்து ரெண்டு இலக்கம் நகத்தின அதே எண்ண அதுலேருந்து கழிச்சா அது 0.99 மடங்கு, பெருக்கல் ரொட்டீன கூப்பிடவே வேண்டாம். லாக் கண்டுபிடிக்க இதை தான் பிடிச்சாங்க. எண்ண எடுத்து 0.99ஆல பெருக்கிக்கிட்டே ஒண்ணு கிட்ட வர வரைக்கும் போ, எத்தனை தடவை பெருக்கினோம்ங்கற எண்ணிக்கை லாக்குக்கு விகிதமா இருக்கும். 10லேருந்து 1க்கு வர சுமார் 229 தடவை ஆகும், அதுக்கு மேல தேவைப்படாது, ஏன்னா எண்ணே எப்பவும் 1க்கும் 10க்கும் நடுவுல தான் இருக்கு, அடுக்கு தனியா ஒதுங்கி நிக்குது. புள்ளிய தூக்கிப் போட்ட முடிவு இங்க வந்து இன்னொரு தடவை கை கொடுக்குது பாருங்க.

இந்த முறைய நான் எக்செல்ல போட்டுப் பாத்தேன். 2ஐ எடுத்து 0.99ஆல 68 தடவை பெருக்கினா 1.00977 வருது, அடுத்த தடவை பெருக்கினா ஒண்ணுக்கு கீழ போயிடும், அதனால அங்க நிறுத்திக்கிட்டேன். 68 தடவைக்கு உண்டான லாக் 0.29681. மீதி இருக்கற 0.00977ஐ ஒரு நேர்விகிதமா எடுத்துக்கிட்டு 2.30259ஆல வகுத்தா 0.00424. ரெண்டையும் கூட்டினா 0.30105. நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண 0.30103 எங்க இருக்கு, இது எங்க இருக்கு, அஞ்சாவது இலக்கத்துல ரெண்டு தான் வித்தியாசம். கழித்தலும் நகத்தறதும் மட்டும் தெரிஞ்ச ஒரு சிப்புக்கு இது போதாதா!

வர்க்கமூலத்துக்கும் பட்டன் இல்ல, லாக் எடுத்து பாதியாக்கி ஆன்டிலாக் எடுக்கணும். மேல வந்த 0.30105ஐ பாதியாக்கி பத்தோட அடுக்குல போட்டா 1.41425, நிஜ மதிப்பு 1.41421. நாலு இலக்க லாக் புக்க வச்சு போட்டாலும் இந்த துல்லியம் தான் கிடைக்கும்.

சைனும் காசும் இன்னும் அழகு. ஒரு அலகு நீள கோட்ட படுக்க வச்சு ஒவ்வொரு தடவையும் 0.001 ரேடியன் திருப்பறாங்க. திருப்பறதுன்னா சைனோட ஆயிரத்துல ஒரு பங்க காஸ்லேருந்து கழிக்கறது, காசோட ஆயிரத்துல ஒரு பங்க சைனோட கூட்டறது. ஆயிரத்துல ஒரு பங்குன்னா மூணு இலக்கம் நகத்தல், அவ்வளவு தான், இங்கயும் பெருக்கல் இல்ல. 0.5236 ரேடியனுக்கு 523 தடவை சுத்தணும், செங்கோணம் கிட்ட போனா 1570 தடவை. 15 செகண்ட் காத்திருப்பு எங்கேருந்து வருதுன்னு இப்ப தெரியுதுல்ல. சின்ன கோணத்துக்கு சீக்கிரம் வரும், பெரிய கோணத்துக்கு லேட்டாகும், கோணத்தோட அளவ நம்ம காத்திருப்புலயே உணரலாம். டேன் வேணும்னா கடைசில ஒண்ண இன்னொண்ணால வகுத்தா போதும். தலைகீழ் பங்ஷனுக்கு அதே சுத்தல் தான், கோட்ட வேண்டிய இடம் வர வரைக்கும் திருப்பி எத்தனை தடவை திருப்பினோம்னு எண்ணிக்கறது.

இதையும் எக்செல்ல போட்டேன், அங்க ஒரு விஷயம் கத்துக்கிட்டேன், அதை சொல்லாம போக மனசு வரல. 0.5 ரேடியனுக்கு 500 வரி. முதல்ல பாடப்புத்தக முறையில பழைய சைன் பழைய காஸ் ரெண்டையும் தனியா வச்சுக்கிட்டு புதுச கணக்கு போட்டேன், 0.47955 வந்துச்சு. சரியான விடை 0.47943. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கோடு துளி துளியா நீண்டுக்கிட்டே போகுது, அது தான் காரணம். அப்புறம் வேற மாதிரி போட்டேன், காச முதல்ல மாத்தி அந்த புது காசயே வச்சு சைன மாத்தினேன், பழச எங்கயும் எடுத்து வைக்கல. 0.47943 வந்துச்சு, அஞ்சு இலக்கமும் அப்படியே சரி. அதாவது பழைய மதிப்ப வச்சுக்க இடம் இல்லாத சின்ன சிப்புல ஒருத்தர் வேற வழியில்லாம எப்படி எழுதுவாரோ அந்த வழி தான் இங்க துல்லியமாவும் இருக்கு. மீதி கோணம், சைன், காஸ்னு மூணு எண், கையில இருக்கறதும் மூணு ரெஜிஸ்டர், நாலாவதா ஒண்ண வைக்க எங்க போறது.

எச்பி-35 இதே வேலைய கார்டிக்னு ஒரு முறையில பண்ணுச்சு, 1959ல ஜாக் வோல்டர் விமானத்துல இருக்கற வழிகாட்டும் கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட முறை அது. அங்கயும் கோட்ட திருப்பறது தான், ஆனா முதல்ல பெரிய திருப்பம், அப்புறம் அதுல பத்துல ஒரு பங்கு மாதிரி சின்ன திருப்பம், இன்னும் சின்னதுன்னு இறங்கிக்கிட்டே போகும். சில டஜன் திருப்பத்துல 10 இலக்கத்துக்கு விடை வந்துடும், ஒரு செகண்ட் கூட ஆகாது. ஆனா ஒவ்வொரு அளவு திருப்பத்துக்கும் உண்டான கோணத்த ரோம்ல எழுதி வச்சிருக்கணும். சின்க்ளேர்ல ஒரே ஒரு அளவு தான், 0.001, அதுக்கு எழுதி வைக்க எதுவுமே இல்ல. ரோம்ல இல்லாத இடத்துக்கு பதிலா பயன்படுத்தறவரோட நேரத்த செலவு பண்ணியிருக்காங்க.

இதை எப்படி மதிப்பிடறது

நிறைய பேர் இதை எச்பி-35 பக்கத்துல வச்சு இது தப்பு தப்பா கணக்கு போடுதுன்னு முடிச்சுடறாங்க, எனக்கு அது நியாயமா படல. எச்பிய வாங்க முடிஞ்சவர் இதை வாங்கப் போறதில்ல. இதை வாங்கினவர் கையில அதுக்கு முன்னாடி இருந்தது ஸ்லைடு ரூல், அதுல நல்லா கண்ணு தெரிஞ்சவருக்கே மூணு இலக்கம் தான் கிடைக்கும், அடுக்க மனசுல வச்சுக்கணும். அவருக்கு இது மூணு நாலு இலக்கம் நம்பிக்கையா கொடுத்துச்சு, அடுக்கயும் தானே பாத்துக்கிச்சு, கூட்டல் கழித்தலும் பண்ணுச்சு, இது ஸ்லைடு ரூல்ல சுத்தமா முடியாது. நாலு சின்ன பென்சில் செல் போட்டா ஓடும்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. டிஸ்பிளே அஞ்சு இலக்கத்தயும் ஒரே வெளிச்சத்துல காட்டுது. நாலு கணக்குல வந்த அஞ்சாவது இலக்கமும் சைன்ல வந்த அஞ்சாவது இலக்கமும் பாக்க ஒண்ணு தான், ஆனா முதலாவத நம்பின அளவுக்கு ரெண்டாவத நம்பக் கூடாது. ஸ்லைடு ரூல்ல அந்த குழப்பம் வராது, கோட்டுக்கு நடுவுல எவ்வளவு தூரம் நம்ம கண்ணு ஊகிக்குதுன்னு நமக்கே தெரியும். எண்ணா எரியறத கண்ணு கேள்வி கேக்காம நம்பிடும். பங்ஷன் விடைக்கு மட்டும் ஒரு இலக்கத்த அணைச்சிருக்கலாம்னு எனக்கு தோணும், அதுக்கும் கட்டளை செலவாகும்ங்கறதும் தெரியும்.

துல்லியத்துல பெரிய பேர் எடுத்த எச்பி-35லயும் பிழை இருந்துச்சுங்கறத இங்க சொல்லணும். 2.02க்கு இயற்கை லாக் எடுத்து அதை திரும்ப அடுக்குல போட்டா 2.02 வரணும், ஆரம்பத்துல வந்த மெஷின்ல 2ன்னு வந்துச்சு. கண்டுபிடிச்சப்ப சுமார் 25,000 வித்துப் போயிருந்துச்சு. வெளிய சொல்லாம விடலாமான்னு ஒரு பேச்சு கூட வந்ததாம், டேவிட் பேக்கர்ட் ஒத்துக்கல, எல்லாருக்கும் தெரியப்படுத்தி மாத்திக் கொடுக்க முன்வந்தாங்க. திருப்பிக் கொடுத்தவங்க கால்வாசிக்கும் கம்மி. அந்த காலத்து சிப்புல ரோம்ங்கறது சிப்பு செய்யும்போதே வடிவமா பதிஞ்சுடறது, வித்ததுக்கு அப்புறம் அப்டேட் அனுப்ப முடியாது, பிழைன்னா சிப்ப தான் மாத்தணும். எச்பில நடந்தது கவனத்துக்கு தப்பின பிழை, சின்க்ளேர்ல இருக்கறது தெரிஞ்சே ஒத்துக்கிட்ட பிழை, இந்த ரெண்டையும் ஒரே தராசுல போடக் கூடாது.

சந்தையில இதோட காலம் நீளம் இல்ல. அதே 1974ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே எஸ்ஆர்-50 கொண்டு வந்துட்டாங்க, 170 டாலர், தசமப் புள்ளி, டிகிரி, சமம் குறி எல்லாம் இருந்துச்சு, நாம காகிதத்துல எழுதற வரிசையிலயே போடலாம். சிப்பு விலை மாசத்துக்கு மாசம் இறங்குச்சு, கால்குலேட்டர் விலையும் கூடவே இறங்குச்சு, 320 கட்டளைக்குள்ள அடங்கணும்ங்கற கட்டாயமே சில வருஷத்துல காணாம போச்சு. எச்பி-35 கூட 1975ல நின்னுடுச்சு. சின்க்ளேர் அப்புறம் 1980ல இசட்எக்ஸ்80ன்னு மலிவு கம்ப்யூட்டர் பக்கம் போயிட்டாரு, நைஜல் சர்லும் பின்னாடி அந்த கம்ப்யூட்டர் கம்பெனிய நடத்தற இடத்துக்கு வந்தாரு.

இந்த புரோகிராம் எப்படி இவ்வளவு விவரமா நமக்கு தெரியுதுன்னா, ரோம் வடிவமா பதிஞ்சு இருந்ததால தான். சிப்போட மூடிய எடுத்து மைக்ரோஸ்கோப்ல படம் பிடிச்சா எந்த இடத்துல டிரான்சிஸ்டர் இருக்கு எந்த இடத்துல இல்லன்னு தெரியும், இருந்தா ஒண்ணு இல்லன்னா பூஜ்யம். 2013ல கென் ஷிரிஃப் அப்படி எடுத்த படத்துலேருந்து 3520 பிட்டையும் படிச்சு, ஒவ்வொரு கட்டளைக்கும் அர்த்தம் கண்டுபிடிச்சு, பிரௌசர்லயே ஓடற மாதிரி ஒரு சிமுலேட்டரும் எழுதி வச்சாரு. அதுல ஒரு பக்கம் கால்குலேட்டர் படம், இன்னொரு பக்கம் ஓடற கட்டளை. சைன் அழுத்தினா அந்த சின்ன லூப் திரும்ப திரும்ப சுத்தறதும் ரெஜிஸ்டர்ல எண்கள் துளி துளியா மாறறதும் கண்ணு முன்னாடி தெரியும். பெரிய கோணமா கொடுத்துட்டு பாருங்க.